புகையான் தாங்கும் நெல்: ஏக்கருக்கு எவ்வளவு மிச்சம்?

06-10-2024, மாலை

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பற்றிக் காரைக்கால் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணே, புகையான் தாங்கும் ரகம் போடு, போடு என்கிறீர்கள். சன்ன ரகமான பீபிடி போட்டால் மூட்டைக்கு இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது. இரண்டு தரம் மருந்து அடித்தால் பூச்சி அடங்கிவிடும். இருநூறு ரூபாயை விட்டுவிட்டுப் பருமனான மோட்டா நெல் எதற்கு? ஏக்கருக்கு என்ன மிச்சம் என்று ரூபாயில் சொல்லுங்கள்."

06-10-2024, இரவு

ரூபாயிலேயே சொல்கிறேன். எனக்கு ஐந்து ஏக்கர், மன்னார்குடிக்குத் தெற்கே. மூன்று ஏக்கரில் பீபிடி 5204, இரண்டு ஏக்கரில் புகையான் தாங்கும் ஒரு மோட்டா ரகம். அந்த ரகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக் காலை விதை கேட்டுப் போன் வரும். மண்ணுக்கு மண் பேச்சு மாறும். உங்கள் ஊர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குவதுதான் முறை.

சாதாரண சம்பாவில் என் வயலில் பீபிடி ஏக்கருக்கு 30 மூட்டை, அறுபது கிலோ மூட்டை. வியாபாரி 1,650 ரூபாய்க்கு எடுத்தால் 49,500. மோட்டா 32 மூட்டை. அதைக் கொள்முதல் நிலையத்தில்தான் போடுவேன். 2024-25 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 105 சேர்த்து. மூட்டைக்கு 1,443 வருகிறது. ஆக 46,176. வித்தியாசம் 3,324 ரூபாய், பீபிடி பக்கம்.

மருந்து ஒரு தடவைக்கு 850, டிரோன் கூலி 500, மொத்தம் 1,350. பீபிடிக்கு மூன்று தடவை அடிக்கிறேன், மோட்டாவுக்கு ஒன்று. இரண்டு தடவை மிச்சம் என்றால் 2,700.

3,324-இல் 2,700 போனால் 624. சாதாரண வருடத்தில் பீபிடிதான் 624 ரூபாய் முன்னால் நிற்கிறது. தம்பி சொன்னது சரி.

07-10-2024, விடிகாலை

சரி இல்லை. இரவெல்லாம் அதே நினைப்பு. நேற்று 'சாதாரண சம்பா' என்று எழுதினேன். சாதாரணம் இல்லாத சம்பாவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2021 மார்கழி. பால் பிடிக்கும் பருவம். வரப்பிலிருந்து பார்த்தால் பீபிடி பச்சைப் பசேல் என்று நின்றது. நடு வயலில் மட்டும் ஒரு முறம் அளவுக்கு மஞ்சள். தண்ணீர் ஏறாத மேடு என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அந்த முறம் ஒரு களம் அளவு ஆனது. உள்ளே இறங்கி ஒரு குத்தைப் பிடித்து விலக்கிப் பார்த்தேன். அடித்தண்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, எள்ளைக் கொட்டினாற்போல் ஒட்டிக் கிடந்தன. குத்தை ஒரு தட்டுத் தட்டியதும் தண்ணீர் மேல் பொலபொலவென்று விழுந்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி அடுத்த குத்துக்கு ஏறின. தண்டில் கை வைத்தால் பிசுபிசுப்பு. அதன் மேல் கரும்பூஞ்சை. ஒருவித புளித்த வாடை. ஒரு வாரத்தில் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. யாரோ பந்தம் கொளுத்திக்கொண்டு நடந்து போனாற்போல் இருந்தது. புகையான் என்று பெயர் வைத்தவர் அந்த வயலைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பீபிடி ஏக்கருக்கு 19 மூட்டை. பதினொரு மூட்டை போனது. இன்றைய விலைக்கே போடுகிறேன்: 18,150 ரூபாய்.

என் வயலில் அப்படி ஒரு அடி ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை விழுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 3,630. அதிலிருந்து அந்த 624-ஐக் கழித்தால் 3,006. இப்போது தாங்கும் ரகம் ஏக்கருக்கு 3,006 ரூபாய் முன்னால்.

இந்த மூவாயிரம் எந்த வருடத்து நோட்டிலும் வராது என்பதுதான் சங்கடம். மருந்துக்கு ரசீது உண்டு. வராமல் போன நஷ்டத்துக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

09-10-2024

கும்பகோணத்து அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி: "2021-இல் உன் மோட்டா மட்டும் தப்பித்ததா?" இல்லை. அதிலும் பூச்சி ஏறியது, இரண்டு மூட்டை குறைந்தது. 2,886 ரூபாய். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 577. ஆகவே 3,006 தப்பு. 2,429 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

09-10-2024, இரவு

என் மனைவி பழைய நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். அந்த வருடம் பீபிடிக்கு மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை அடித்திருக்கிறேன். கடைசி இரண்டும் பயத்தில் அடித்தது. 2,700 ரூபாய், ஐந்தால் வகுத்தால் 540. 2,429 உடன் சேர்த்தால் 2,969.

மூவாயிரத்துக்குச் சமீபம். இனி இதில் கை வைக்க மாட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒன்று என்பதுதான் இந்தக் கணக்கின் அச்சாணி. பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் உங்கள் வயலில் விழும் என்றால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சமாகக் குறையும். தண்ணீர் தேங்கும் பள்ளக்காட்டில் மூன்று வருடத்துக்கு ஒன்று என்றால் ஐந்தாயிரத்தைத் தாண்டும். அவரவர் நோட்டை எடுத்து அவரவர் போட்டுப் பாருங்கள்.

13-10-2024

தாங்கும் ரகம், எதிர்ப்பு ரகம் என்று இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும்தான். இரண்டும் ஒன்றில்லை. பணக் கணக்கிலும் ஒன்றில்லை.

அமெரிக்காவின் கான்சாஸில் பெயின்டர் என்ற பூச்சியியலாளர் 1951-இல் இதை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, பூச்சிக்குப் பிடிக்காத பயிர், வந்து உட்காராது. இரண்டு, உட்கார்ந்தாலும் பூச்சி உருப்படாத பயிர். குஞ்சு சாகும், முட்டை குறையும். மூன்று, பூச்சி உட்கார்ந்து உறிஞ்சினாலும் வாடாமல் விளைச்சல் தரும் பயிர். மூன்றாவதுக்குத்தான் தாங்குதல் என்று பெயர்.

வாழைத்தாரைச் சுமக்கிறவரில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தோளில் ஏற்றவே விடமாட்டார். இன்னொருவர் ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். தாங்குதல் இரண்டாமவர் குணம்.

இதில் பணம் எங்கே வருகிறது? எதிர்க்கும் பயிரில் பூச்சி செத்துக்கொண்டே இருக்கும். தப்பிப் பிழைத்தது மட்டும் பெருகும். சில வருடத்தில் அந்த ரகத்தைத் தின்னத் தெரிந்த கூட்டம் வந்துவிடும். தாங்கும் பயிரில் பூச்சிக்கு அப்படி ஒரு நெருக்கடி கிடையாது. அதனால் அந்தக் குணம் நீண்ட நாள் உழைக்கும். கேரளத்துப் பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தின் திரிவேணி, இந்தோனேசியாவின் ஊத்ரி ராஜபான் இரண்டையும் ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வகைக்கு உதாரணமாகச் சொல்வார்கள்.

குறையும் இருக்கிறது. தாங்கும் பயிரில் பூச்சி சாவதில்லை என்றால் அது பக்கத்து வயலுக்குப் போகும். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? யோசிக்க வேண்டும்.

20-10-2024

மழை. வேலை இல்லை. பழைய கதையைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

ஐஆர் 8 வந்தது 1966-இல். குட்டை நெல், உரம் போட்டால் சாயாது, விளைச்சல் அள்ளும். ஆனால் புகையானுக்கு அது விருந்து. அதற்கு முன் புகையான் நம் பக்கத்தில் பெரிய பூச்சியே இல்லை. நெருங்கிய தூர் (ஒரு குத்தில் கிளைக்கும் தண்டுகள்), யூரியா, எப்போதும் நிற்கும் தண்ணீர், அடுத்தடுத்து நெல், அதன் மேல் கண்டபடி மருந்து என்று எல்லாம் சேர்ந்துதான் அதைப் பெரிய பூச்சியாக்கின. கேரளத்தில் 1973-74-இல் குட்டநாடு வரை அடித்தது.

1973-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 26-ஐ வெளியிட்டது. புகையானை எதிர்க்கும் என்று வந்த முதல் ரகம் அது. அதன் தாய் தகப்பனில் ஒன்று நம் டிகேஎம் 6. திரூர்குப்பத்து நெல்! ஜிஇபி 24-ம் கோ 18-ம் கலந்து பிறந்தது. நம்மூரில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ஐஆர் 20 தானே, அதற்கும் டிகேஎம் 6 தான் ஒரு பக்கத்து உறவு. தண்டுத்துளைப்பானைத் தாக்குப்பிடிக்கும் குணத்துக்காக அதை எடுத்தார்கள். அந்த டிகேஎம் 6-இன் புகையான் எதிர்ப்பு ஐஆர் 26-க்குப் போய் மூன்று நாடுகளில் வயலைக் காத்தது.

எத்தனை நாள் காத்தது? இரண்டு, மூன்று வருடம். 1970-களின் நடுவிலேயே இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அந்த ரகத்தைத் தின்னும் புகையான் வந்துவிட்டது. ஒரே மரபணு, லட்சக்கணக்கான ஏக்கர். பூச்சிக்குத் திறக்க ஒரே பூட்டு.

1976-இல் ஐஆர் 36 வந்தது. அதே நிலையத்தின் நெல் விஞ்ஞானி குருதேவ் குஷ் குழுவின் வேலை. அதில் வேறொரு எதிர்ப்பு மரபணு. அது வந்த வழி பட்டாம்பி: பிடிபி 18, பிடிபி 21 என்ற பட்டாம்பி ரகங்கள் கலந்து ஒடிசாவின் கட்டாக்கில் உருவான ஒரு நெல் வரிசை மூலமாகப் போனது. புகையான் பரப்பும் புல்குட்டை நோய்க்கு எதிர்ப்பு உத்தரப்பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றிலிருந்து. 1980-களில் உலகத்தில் ஒரு கோடியே பத்து லட்சம் எக்டேரில் அது நின்றது. மனிதன் அதுவரை அவ்வளவு பரப்பில் ஒரே ரக நெல்லை நட்டதில்லை. அதுவும் சில இடங்களில் உடைந்தது. 1985-இல் வந்த ஐஆர் 64 அதைவிட நெடுநாள் நின்றது. அதில் பெரிய மரபணு பழையதுதான். கூடவே சின்னச் சின்னக் குணங்கள் பல சேர்ந்திருந்ததால் பூச்சிக்கு ஒரே அடியில் வழி திறக்கவில்லை.

ஆகவே தம்பி, ஒரு ரகத்தின் விலையைப் போடும்போது எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். வண்டிக்கு டயர் தேய்மானம் எழுதுகிற மாதிரி. மூன்று வருடத்தில் உடைகிற எதிர்ப்புக்கும் இருபது வருடம் நிற்கிற தாங்குதலுக்கும் விதை விலை ஒன்றாக இருக்கலாம், மதிப்பு ஒன்றாக இருக்க முடியாது.

22-10-2024

திருத்தம். 'டிகேஎம் 6-இன் புகையான் எதிர்ப்பு' என்று முந்தாநாள் எழுதியது தப்பு. டிகேஎம் 6-ஐப் புகையான் நன்றாகவே தின்னும்.

நடந்தது இதைவிட அழகான கதை. டிகேஎம் 6-க்குள் எதிர்ப்பு மரபணு இருந்தது, அதை வேலை செய்யவிடாமல் அமுக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் இருந்தது. கலப்பு செய்தபோது இரண்டும் பிரிந்தன. எதிர்ப்பு மட்டும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் நின்றன. தாய்க்கும் எதிர்ப்பில்லை, தகப்பனுக்கும் எதிர்ப்பில்லை, பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று தோண்டப் போய்த்தான் இது தெரிந்தது. மார்ட்டினெஸ் என்ற ஆராய்ச்சியாளரும் குஷும் 1974-இல் இதை எழுதினார்கள்.

ஒரு பழைய ரகத்தைப் பூச்சிக்கூண்டில் வைத்து, வாடிவிட்டது, உதவாது என்று தூக்கிப் போட்டிருந்தால் ஐஆர் 26 இல்லை. விதைச் சேமிப்புக் கிடங்குக்கு ஆகும் மின்சாரச் செலவை இப்படித்தான் பார்க்க வேண்டும். எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

27-10-2024

இலங்கையின் பழைய நெல்லில் புகையானை நன்றாக எதிர்க்கும் ரகம் ஒன்றின் பெயர் சின்னச் சிவப்பு. ஆராய்ச்சித் தாள்களில் அதே பெயரில்தான் உலகம் சுற்றுகிறது. ரத்து ஹீனட்டி என்பதும் அங்கிருந்து போனதே. இன்றுவரை உடையாமல் நிற்கும் எதிர்ப்பைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதன் வாசலுக்குத்தான் போகிறார்கள். அதை நட்டு, கதிர் பொறுக்கி, விதை கட்டி வைத்த குடும்பங்களுக்குப் பத்துக் காசு போனதில்லை. இது என் மனதை ரொம்ப நாளாக அறுக்கிறது.

03-11-2024

"அவ்வளவு மதிப்பு என்றால் கம்பெனிக்காரன் ஏன் தாங்கும் ரகம் விற்க வரவில்லை?" என்று கேட்ட தம்பிக்கு.

நெல் தன்மகரந்தப் பயிர். ஒரு தரம் விதை வாங்கினால் அடுத்த வருடம் நீங்களே கட்டிக்கொள்வீர்கள், மச்சானுக்கும் இரண்டு மரக்கால் கொடுப்பீர்கள். விற்றவனுக்குத் திரும்பக் காசு வராது. மருந்து அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் வாங்க வேண்டும். அதனால் மருந்துக்கு ஊருக்கு நாலு கடை, சுவரெல்லாம் விளம்பரம். தாங்கும் ரகத்துக்கு ஆடுதுறை, கோயம்புத்தூர், அம்பாசமுத்திரம் என்று அரசாங்க நிலையங்கள் மட்டும். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி 1912-இல் தொடங்கியது, ஆடுதுறை 1922. நூறு வருடமாக அந்தச் செலவைப் பொதுப்பணம்தான் சுமக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை: அது சுமக்காவிட்டால் யாரும் சுமக்கப் போவதில்லை.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே அரசே மருந்து விலையில் பெரும்பகுதியைக் கொடுத்து வந்தது. வருடத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல். 1985-86-இல் ஜாவாவில் புகையான் பேயாட்டம் ஆடியது. மருந்து அடிக்க அடிக்கக் கூடியது. ஏன்? மருந்து சிலந்தியையும், முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொன்றது. புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது. பொரித்து வந்த குஞ்சுக்கு எதிரியே இல்லை. 1986 நவம்பரில் சுகார்த்தோ அரசு 57 மருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை போட்டது. 1989-க்குள் மானியத்தையும் நிறுத்தியது. ஐஆர் 64 போன்ற ரகங்கள் பரவின, உழவர்களுக்கு வயலிலேயே பள்ளி வைத்துச் சிலந்தி எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை.

அந்தப் பத்துக் கோடி டாலரில் ரகத்தின் பங்கு எவ்வளவு, சிலந்தியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. ரகம் இல்லாமல் மருந்தை நிறுத்தியிருக்க முடியாது. மருந்தை நிறுத்தாமல் சிலந்தி வந்திருக்காது.

04-11-2024

அக்டோபர் 13-ஆம் தேதி ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனேன்: தாங்கும் வயலில் சாகாத பூச்சி பக்கத்து வயலுக்குப் போகுமே என்று. நேற்று எழுதியதில் பாதிப் பதில் இருக்கிறது. மருந்து படாத வயலில் சிலந்தியும் பெருகும், அதுவும் வரப்பைத் தாண்டும். இரண்டில் எது கூட என்பதை வயலில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். மார்கழியில் எண்ணுகிறேன்.

18-11-2024

பேச்சு புகையானிலேயே நிற்கிறது. ஆனைக்கொம்பன் என்ற இன்னொரு நெல் பூச்சி பற்றி மதுரைப் பக்கத்து ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நடுக்குருத்து வெங்காயத்தாள் மாதிரி, வெள்ளை வெளேர் என்று குழலாக வரும். ஆனைத் தந்தம் போல இருப்பதால் அந்தப் பெயர். அந்தக் குழல் வந்த தூரில் கதிர் வராது. புழு உள்ளே இருப்பதால் மேலே அடிக்கிற மருந்து போய்ச் சேராது. அதனால் ஆனைக்கொம்பனுக்கு ரகம்தான் முதல் மருந்து. மதுரையில் வந்த எம்டியு 3 அதற்கென்றே பெயர் வாங்கியது. ஆந்திரா, ஒடிசா பக்கம் இதிலும் ஊருக்கு ஊர் வேறு வேறு பூச்சிக் கூட்டம்; ஒரு ஊரில் நிற்கும் ரகம் இன்னொரு ஊரில் விழும்.

புகையானுக்கு மருந்து என்ற மாற்று இருப்பதால் ரகத்தின் மதிப்பு மூவாயிரத்தில் நிற்கிறது. ஆனைக்கொம்பனுக்கு அந்த மாற்றும் சரியாக இல்லை. அங்கே ரகத்தின் மதிப்பு என்பது கிட்டத்தட்ட அந்தத் தூர்களின் முழு விளைச்சல்தான்.

30-11-2024

நாலு நாள் மழை. வயல் முழுக்கத் தண்ணீர். வடிய விட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு எழுதுகிறேன்.

14-12-2024

எண்ணினேன். சின்ன மகள் வந்திருந்தாள், அவள் வெள்ளை எனாமல் தட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் குத்தைத் தட்டினேன். தட்டில் விழுந்ததை அவள் சத்தமாக எண்ணினாள். சிலந்தி விழுந்தால் மட்டும் "நம்ம ஆள்" என்று தனியாகச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது.

பீபிடியில் பத்துக் குத்து. சராசரி குத்துக்கு 24 புகையான், தூர் 18. பத்துக் குத்துக்கும் சேர்த்துச் சிலந்தி 3.

மோட்டாவில் பத்துக் குத்து. சராசரி 21 புகையான், தூர் 17. சிலந்தி 11.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி வந்ததும் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அப்படிப் பார்த்தால் பீபிடி எல்லையைத் தாண்டிவிட்டது. மோட்டாவில் 34 வரை பொறுக்கலாம், 21 தான் இருக்கிறது.

பூச்சி எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். செடியில்தான் வித்தியாசம். பீபிடியின் அடி இலை மஞ்சளாகி, மேல் இலை நுனி சுருண்டிருந்தது. மோட்டா அப்படியே கரும்பச்சை. என் ரகம் எதிர்க்கவில்லை, தாங்குகிறது.

தண்ணீரை வடித்துவிட்டு, பீபிடிக்கு மட்டும் அடிப்பாகம் நனைய மருந்து அடித்தோம். டிரோன் வேண்டாம் என்று கைத்தெளிப்பான். டிரோன் தெளிப்பது இலை மேலேயே நின்றுவிடுகிறது, பூச்சி இருப்பது தூரடியில். நடும்போது எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி (பட்டம்) விட்டிருந்ததால் ஆள் உள்ளே போக முடிந்தது. கூலி அதே 500 தான் வந்தது.

16-12-2024

இரண்டு நாளாக ஒரு உறுத்தல். என் ஒப்பீடு சுத்தமில்லை.

ஐப்பசியில் பீபிடிக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு தடவை மருந்து அடித்தேன். மோட்டாவுக்கு அடிக்கவில்லை. அந்த மருந்துதான் பீபிடியில் சிலந்தியைக் கொன்றது. அப்படியென்றால் மோட்டா நன்றாக நிற்பதற்கு ரகம் காரணமா, சிலந்தி காரணமா? பூச்சி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் செடி வாடவில்லை என்பது ரகத்துக்குச் சாட்சி. எண்ணிக்கை அதற்கு மேல் ஏறாமல் நிற்பது சிலந்திக்குச் சாட்சி. சரியான சோதனை என்றால் இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று வெகு நாளைக்கு முன் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் வரிசை வரிசையாக நாற்று. நடுவே டிஎன் 1 ஒரு வரிசை, பிடிபி 33 ஒரு வரிசை. டிஎன் என்றால் தமிழ்நாடு என்று நினைத்தேன். தைவானின் தைச்சுங் நேட்டிவ். மேலே குஞ்சுகளைத் தூவுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் டிஎன் 1 வைக்கோல் ஆகிவிடும், பிடிபி 33 பச்சையாக நிற்கும். இரண்டுக்கும் இடையில் மற்ற ரகங்களுக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மதிப்பெண். ஒன்பது என்றால் செத்தது. அந்தத் தட்டில் சிலந்தி இல்லை, காற்று இல்லை, மழை இல்லை. அதனால் ரகத்தின் குணம் மட்டும் தெரியும். என் வயலில் எல்லாம் கலந்துதான் தெரியும். பணம் வருவது என்னவோ கலந்த இடத்திலிருந்து.

05-01-2025

இரவு ஒன்பது மணிக்கு வாசல் விளக்கில் நீளச் சிறகுப் புகையான் மொய்க்கிறது. வயல் காய்ந்து இடம் மாறுகிற கூட்டம். எங்கள் வயலில் இருந்து இல்லை, வடக்கே மூன்று மா தள்ளி ஒரு பெரியவரின் பங்கு வயல் வட்டம் வட்டமாகப் போய்விட்டது. அங்கே நாலு தடவை அடித்தார்கள். கடைசி இரண்டும் பைரித்ராய்டு கலந்த கூட்டு மருந்து. அந்த வகை புகையானை மறுபடி பெருக வைக்கும். கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தார்கள். பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது?

பீபிடிக்கு மூன்றாவது மருந்தும் அடித்தாயிற்று. மோட்டாவுக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

09-02-2025

அறுத்தாயிற்று. தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்.

பீபிடி ஏக்கருக்கு 26 மூட்டை. மழையில் நிறம் மங்கியதால் 1,650 கிடைக்கவில்லை, 1,600. ஆக 41,600. மூன்று மருந்து 4,050. மிச்சம் 37,550.

மோட்டா 31 மூட்டை. கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பமாக இரண்டு ஏக்கருக்கு 93 சிப்பம், சிப்பத்துக்கு 962. ஏக்கருக்கு 44,733. பூச்சிமருந்து பூஜ்யம்.

வித்தியாசம் 7,183 ரூபாய், மோட்டா பக்கம். அக்டோபரில் நான் போட்ட மூவாயிரம் பல வருடச் சராசரி, இது ஒரு வருடம். இந்த ஏழாயிரத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர்வலம் போக வேண்டாம். நல்ல வருடத்தில் 624 ரூபாய் எதிர்ப்பக்கமும் போகும். அதில் சிலந்தியின் பங்கும் இருக்கிறது.

வரும் சம்பாவில் மோட்டா மூன்று ஏக்கர், பீபிடி இரண்டு. முழுக்க மோட்டாவுக்கு மாற மாட்டேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு பீபிடி வேண்டும், ஊர் முழுக்க ஒரே ரகம் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசி மருந்தை இரண்டுக்கும் நிறுத்திப் பார்க்கப் போகிறேன், அப்போதாவது ஒப்பீடு கொஞ்சம் சுத்தமாகும்.

வடக்குப் பங்கு பெரியவர் நேற்று வந்து விதை கேட்டார். களத்தில் தனியாகத் தூற்றி, கலப்புக் கதிர் நீக்கிக் காயவைத்திருந்ததில் ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். காசு எவ்வளவு என்று கேட்டார். மார்கழியில் தட்டும் கையுமாக வந்து என்னோடு எண்ண வேண்டும் என்றேன். சரி என்றார்.